சங்கத்தின் ஆதரவும் உறுப்பினரின் வாக்கும்

கேள்வி: அமெரிக்காவில் மருத்துவமனையொன்றில் பணிபுரியும் என் தம்பியின் தொழிற்சங்கம், காங்கிரஸ் தேர்தலில் ஒரு வேட்பாளரை ஆதரிப்பதாக அறிவித்துள்ளது. தம்பிக்கு அந்த வேட்பாளர்மீது நம்பிக்கை இல்லை. அவன் செலுத்தும் சந்தா அவருக்குப் போய்ச் சேருமா? அவருக்கே அவன் வாக்களிக்க வேண்டுமா?
– வாசகி, களுவாஞ்சிக்குடி

பதில்: வாக்கு இரகசியமானது, சங்கத்தின் அறிவிப்பு உங்கள் தம்பியைக் கட்டுப்படுத்தாது. கிழக்கிலே காங்கிரஸ் என்றதும் கட்சிகளே நினைவுக்கு வரும். அங்கே அது நாட்டின் சட்டமன்றம். அதன் பிரதிநிதிகள் சபைக்கு 435 உறுப்பினர்கள் இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை தெரிவாகின்றனர். மட்டக்களப்பு மாவட்டம் முழுவதிலும் வாழ்வோரைவிடக் கூடுதலான மக்களுக்கு அங்கே ஒரே ஓர் உறுப்பினர்தான். நாமோ ஐவரை அனுப்புகிறோம். அவ்வளவு பெரிய தொகுதியில் வீடு வீடாகச் செல்வதற்கு ஆட்கள் வேண்டும் என்பதால், சங்கத்தின் பணத்தைவிட அதன் தொண்டர்களையே வேட்பாளர்கள் பெரிதும் நாடுகின்றனர்.

சந்தாவைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். காங்கிரஸ், ஜனாதிபதி ஆகிய கூட்டாட்சித் தேர்தல்களில் தொழிற்சங்கம் தனது பொது நிதியிலிருந்து வேட்பாளருக்குப் பணம் கொடுப்பதை 1947ஆம் ஆண்டின் டாஃப்ட்-ஹார்ட்லி சட்டம் தடை செய்கிறது. உறுப்பினர்கள் விரும்பித் தரும் தொகையைக் கொண்ட தனி அரசியல் நிதியிலிருந்தே, வழக்கமாகத் தேர்தல் ஒன்றுக்கு 5,000 டொலர் வரை, வேட்பாளருக்கு வழங்கலாம். எனினும், தன் உறுப்பினர்களிடம் அவருக்காகப் பேசுவதற்கும், 2010இல் உயர் நீதிமன்றம் அளித்த தீர்ப்பின் பின்னர் வேட்பாளருடன் கலந்துபேசாமல் தானாகவே விளம்பரம் செய்வதற்கும் சங்கம் பொது நிதியைச் செலவிடலாம். ஆகவே, சந்தாவில் ஒரு சதமேனும் அரசியலுக்குச் செல்லாது என்று உங்களுக்கு உறுதி கூற என்னால் இயலாது.

இலங்கைத் தொழிலாளர் காங்கிரஸைப் போலத் தானே தேர்தலில் நிற்கும் சங்கத்தை நாம் அறிவோம். அமெரிக்கச் சங்கங்கள் பெரும்பாலும் வேட்பாளர்களுக்கு வினாக்கொத்து அனுப்பி, நேர்கண்டு, பின்னர் ஒருவரைத் தெரிவு செய்கின்றன. அந்தத் தெரிவிலே உறுப்பினரின் குரல் எவ்வளவு ஒலித்தது என்பதுதான் என்னைப் பொறுத்தவரை முதன்மையான வினா. 2024இல் லொறிச் சாரதிகள் உள்ளிட்டோரின் பெரிய அமெரிக்கத் தொழிற்சங்கமான டீம்ஸ்டர்ஸ் உறுப்பினர்களிடம் கருத்துக் கேட்ட பின்னர், ஜனாதிபதித் தேர்தலில் எவருக்கும் ஆதரவு அறிவிக்காமல் நின்றது. அதன் கிளைகள் சில தாமாகவே ஆதரவை அறிவித்தன. உறுப்பினர்கள் இரு பக்கமாகப் பிரிந்து நிற்கையில் தலைமை அவ்வாறு நடந்துகொள்வதை நான் மதிக்கிறேன்.

இந்தத் தெரிவை யார் செய்தார்கள், உறுப்பினர்களிடம் எப்போது கேட்டார்கள் என்று தம்பி கிளைக் கூட்டத்திலே எழுந்து கேட்கட்டும். அரசியல் நிதிக்காகச் சம்பளத்தில் பிடிப்பதற்கு அவர் முன்னர் கையொப்பமிட்டிருந்தால், அதனை எழுத்து மூலம் நிறுத்திவிடலாம்.