கோப்பிக்கு நிழல் தரும் பலாவைத் தறிக்கலாமா?

கேள்வி: நான் வெள்ளவத்தையில் இருக்கிறேன். மாத்தளையில் அப்பாவின் வளவில் ரொபஸ்டா கோப்பிச் செடிகள் நிற்கின்றன. பாதிச் செடிகள் பெரிய பலா மரத்தின் கீழ். அவற்றில் காய் குறைவு, பழுக்கவும் பிந்துகிறது. வெயிலில் நிற்கும் மற்றப் பாதி கொத்துக் கொத்தாய்க் காய்க்கிறது. ஆனால் கொட்டை சிறிசு, கொப்பு நுனியும் காய்ந்துபோகிறது. பலாவைத் தறித்துவிடலாமா?

பதில்: தறிக்க வேண்டாம். அனுமதி இல்லாமல் பலாவைத் தறிக்கச் சட்டம் இடங்கொடாது. அதைவிட, உங்கள் வளவில் நல்ல கொட்டை விளைவதே அந்த மரத்தடியில்தான்.

நீங்கள் கொண்டுவந்து தந்த இரண்டு பைப் பழங்களையும் தனித்தனியே தண்ணீர் வாளியில் போட்டுப் பார்த்தேன். பலாவடிப் பழங்களில் ஒன்றிரண்டுதான் மிதந்தன. வெயில் பழங்களில் ஒரு கைப்பிடி மேலே வந்துவிட்டது. மிதந்த ஒன்றைப் பிதுக்கினேன்: ஒரு கொட்டை சரி, மற்றது சூம்பிப்போய் வெறும் தோலாக இருந்தது.

எத்தனை காய் வரும் என்பது பூப்பதற்கு முன்பே தீர்ந்துவிடுகிறது. கோப்பி பெரும்பாலும் போன பருவத்தில் வளர்ந்த கொப்பின் கணுக்களில்தான் பூக்கும். வெளிச்சத்தில் கணுக்கள் நெருக்கமாக வரும், கணுவுக்குக் கணு மொட்டும் அதிகம். நிழலில் கொப்பு நீண்டு, கணு குறைந்து, மொட்டும் குறைகிறது. ஆக, பலா உங்கள் காய்களை உதிர்க்கவில்லை. அங்கே மொட்டு கட்டியதே குறைவு.

காய் பிடித்த பிறகு கதை வேறு. முதல் 2 மாதமளவுக்குக் காய் குண்டூசித் தலை போலவே நிற்கும். அப்புறம் மளமளவென்று ஊதும். கொட்டை எவ்வளவு பெரிதாகலாம் என்பது அந்த நாட்களில் கிடைக்கும் தண்ணீரைப் பொறுத்தது. அதற்குப் பிறகுதான் உள்ளே இருக்கும் குழைந்த பருப்பு கெட்டியாகி நிரம்பும். நிரப்புவது இலை. வெயில் செடியில் காய் மிதமிஞ்சி, இலை போதாமல் போகிறது. காய் விட்டுக்கொடுக்காது, கொப்பிலும் வேரிலும் சேர்த்து வைத்த மாச்சத்தை உறிஞ்சிக்கொள்ளும். நீங்கள் சொல்லும் நுனி காய்வதற்கு இதுதான் பெரும்பாலும் காரணம். அடுத்த வருடம் அந்தச் செடி காய்க்கத் தயங்கும்.

சூடும் சேர்ந்து கெடுக்கிறது. சூட்டில் பழம் அவசரமாகச் சிவக்கும், கொட்டை முழுதாக நிரம்பியிருக்காது. கொஸ்டாரிக்காவில் அராபிகா என்ற மற்றக் கோப்பி இனத்தை வைத்துச் செய்த ஓர் ஆய்வில், நிழல் பழுப்பதை ஒரு மாதம் வரை பிந்தச் செய்தது. கொட்டை பருத்தது, விளைச்சல் 18 வீதம் குறைந்தது. நீங்கள் குறைப்படுகிற அந்தப் பிந்தல், கொட்டை நிரம்பக் கிடைக்கும் அவகாசம். உரமும் தண்ணீரும் தவறாமல் கொடுக்க முடிந்தால் வெயிலிலும் நன்றாக எடுக்கலாம். கொழும்பிலிருந்து மாதம் ஒருமுறை போய் வருகிறவருக்கு அது சரிப்படாது என்பது என் எண்ணம்.

ஆனாலும் உங்கள் பலா அளவுக்கு மீறி மூடியிருக்கிறது போலத் தெரிகிறது. அடுத்த முறை போகும்போது உச்சி வெயிலில் கோப்பிச் செடியின் பக்கத்தில் நின்று நிலத்தைப் பாருங்கள். ஏறக்குறைய பாதி இடத்தில் வெயில் சிதறி விழ வேண்டும். முழுக்க இருட்டாக இருந்தால் பலாவின் தாழ்ந்த கொப்புகளைக் கழியுங்கள். அடர்ந்த நிழலில் மழைக்குப் பின் இலை நெடுநேரம் காயாது. 1869இல் இலங்கையில் கண்டறியப்பட்டு, கோப்பித் தோட்டங்களைத் தேயிலைக்கு மாறவைத்த இலைத் துரு நோயை உண்டாக்கும் பூஞ்சணத்தின் வித்துத்தூள் முளைக்க அந்த ஈரம்தான் வேண்டும். மழை தொடங்கும்போது கழிப்பது நல்லது. வறட்சிக்கு முன் திறந்துவிட்டால், நிழலில் பழகிய இலை கருகும்.

வெயில் பக்கத்துக்கு நாலைந்து கிளிரிசிடியாக் கதியால் ஊன்றுங்கள், லேசான நிழல் போதும். அது மண்ணுக்குத் தழைச்சத்தும் சேர்க்கும். அவ்வப்போது வெட்டும் இலையைக் கோப்பி அடியிலேயே பரப்பிவிடலாம். காய்ந்த நுனிகளைப் பச்சை தெரியும் இடம் வரை வெட்டி எடுங்கள்.

பறிக்கும்போது இரண்டு பக்கத்தையும் ஒரே நாளில் உருவிவிட வேண்டாம். வெயில் பக்கத்தில் சிவந்ததை முதலில் எடுங்கள். பலாவடிக்கு இன்னும் சில வாரம் கழித்துப் போங்கள், அதைத் தனியாகவே காயவையுங்கள்.