கால்பந்து, இறகுப்பந்து படமெடுக்க எந்தக் கேமராவுக்கு மாறலாம்?

கேள்வி: கேனான் 1300டி, 55-250 லென்ஸ் வைத்திருக்கிறேன். மாலையில் கால்பந்தும் உள்ளரங்கில் இறகுப்பந்தும் எடுக்கிறேன். பாதிப் படங்கள் தெளிவாக வருவதில்லை. எந்தக் கேமராவுக்கு மாறலாம்?

கேமரா தேடுவதற்கு முன் ஒரு வேலை செய்யுங்கள். கடைசி ஆட்டத்தில் வீணான படங்களை அழிக்காமல் கணினியில் திறந்து, முழு அளவுக்குப் பெரிதாக்கிப் பாருங்கள். கோல்கீப்பர் பாய்கிறார், அவர் முகம் மங்கல், ஆனால் பின்னாலுள்ள வலையின் முடிச்சுகளை எண்ணிவிடலாம் என்றால் ஃபோகஸ் தவறியிருக்கிறது. முகம் தெளிவு, கையும் காலும் மட்டும் இழுபட்டிருக்கின்றன என்றால் ஷட்டர் வேகம் போதவில்லை. எல்லாம் தெளிவு, ஆனால் மணல் தூவியது போல் இருக்கிறது என்றால் ஐஎஸ்ஓ (வெளிச்சத்துக்குச் சென்சார் காட்டும் உணர்திறன்) எகிறிவிட்டது. ஒவ்வொன்றுக்கும் மருந்து வேறு.

கடைசி இரண்டும் வெளிச்சப் பஞ்சத்தால் வருபவை. அதற்குப் புது பாடி (லென்ஸ் இல்லாத கேமரா) ஓரளவுதான் உதவும், லென்ஸ்தான் காப்பாற்றும். நான் முதலில் பாடியை மாற்றினேன். பழைய லென்ஸையே அதில் மாட்டி உள்ளரங்கில் எடுத்தபோது, மட்டை வீசும் கை அதே போல் கரைந்துதான் வந்தது. உங்கள் லென்ஸ் 250 மி.மீ.யில் எஃப்/5.6-க்கு மேல் திறக்காது (எஃப் எண் குறையக் குறைய லென்ஸின் துளை பெரிது). எஃப்/2.8 லென்ஸ் அதைவிட 4 மடங்கு வெளிச்சம் தரும். அதாவது ஐஎஸ்ஓ 6400-இல் எடுத்ததை 1600-இல் எடுக்கலாம். 85 மி.மீ. எஃப்/1.8 என்றால் கிட்டத்தட்ட 10 மடங்கு. இறகுப்பந்துக் களத்தின் ஓரத்தில் உட்கார்ந்து எடுக்க அந்த லென்ஸ் அருமையானது. உள்ளரங்கிலும் 1/1000 நொடியை எட்டிப்பிடிக்க அதுதான் வழி.

சரி, ஃபோகஸ்தான் பிரச்சினை என்றால்? ஏஐ செர்வோவில் (நகரும் ஆளைத் தொடரும் ஃபோகஸ் முறை) வைத்து, நடு ஃபோகஸ் புள்ளியை மட்டும் பயன்படுத்தி ஒரு ஆட்டம் எடுத்துப் பாருங்கள். 1300டி-யில் இருக்கும் 9 புள்ளிகளில் நடுவில் இருப்பது மட்டும்தான் குறுக்குவகை (கிடைக்கோடு, செங்குத்துக்கோடு இரண்டையும் பிடிப்பது), மற்றவற்றைவிட நம்பகமானது. அதற்கும் மசியவில்லை என்றால் பாடியை மாற்றத்தான் வேண்டும். நொடிக்கு 3 படம் என்பதும் பெரிய குறை. ஒரு படத்துக்கும் அடுத்ததுக்கும் நடுவில் பந்து தலையில் பட்டுத் திரும்பியே போய்விடும்.

குறைந்த செலவில் என்றால் கேனானின் பழைய 7டி மார்க் 2. 2014-இல் வந்தது, 65 புள்ளிகளும் குறுக்குவகை, நொடிக்கு 10 படம். வாங்கும் முன் ஷட்டர் எத்தனை முறை ஓடியிருக்கிறது என்று கேளுங்கள். கொஞ்சம் அதிகம் செலவிட முடியும் என்றால் கேனானின் மிரர்லெஸ் (உள்ளே கண்ணாடி இல்லாத) கேமரா ஆர்7. அது ஆளின் கண்ணைக் கண்டுபிடித்துத் தொடர்ந்து ஓடும். உங்கள் லென்ஸும் அடாப்டர் வழியாக அதில் நன்றாகவே வேலை செய்யும். ஆனால் நொடிக்கு 30 படம் என்ற விளம்பரத்தைப் பார்த்து எலக்ட்ரானிக் ஷட்டருக்குப் போகாதீர்கள். அதன் சென்சார் வரி வரியாக மெதுவாகப் படிப்பதால், வேகமாக வீசும் மட்டை வளைந்து பதிவாகும். மெக்கானிக்கல் ஷட்டரிலேயே 15 கிடைக்கிறது, தாராளம். அப்புறம், வேகமான மெமரி கார்டு வாங்குங்கள். இல்லாவிட்டால் பஃபர் (கார்டில் எழுதும் வரை படங்கள் காத்திருக்கும் நினைவகம்) நிரம்பி, கோல் விழும் நேரத்தில் கேமரா நின்றுவிடும்.

ஃபுல் ஃப்ரேமுக்கு (உங்களுடையதைவிடப் பெரிய சென்சார் உள்ள கேமரா) இப்போது போக வேண்டாம் என்பேன். உங்கள் சென்சாரில் 250 மி.மீ. லென்ஸ் 400 மி.மீ. போல நெருக்கமாகக் காட்டுகிறது. அங்கே போனால் அந்த நெருக்கம் போய்விடும், அதை ஈடுகட்ட இன்னும் நீளமான லென்ஸுக்கும் சேர்த்துச் செலவழிக்க வேண்டும். மெகாபிக்சலைப் பற்றி யோசிக்கவே வேண்டாம்.

உங்கள் இடத்தில் இருந்தால், இறகுப்பந்துதான் அதிகம் என்றால் 85 மி.மீ. லென்ஸை வாங்கி இப்போதுள்ள பாடியிலேயே மாட்டுவேன். கால்பந்துதான் அதிகம் என்றால் ஆர்7-ஐ ஒரு நாள் வாடகைக்கு எடுத்து, நீங்கள் வழக்கமாக உட்காரும் அதே கோல்கம்பத்தின் பக்கம் முழு ஆட்டமும் எடுத்துப் பார்த்துவிட்டு வாங்குங்கள்.