பழைய கார் ஸ்பீடோமீட்டர்: கேள்வி பதில்

ஊட்டி: அண்ணா, பழைய அம்பாசிடர். காலையில் எடுத்தால் முள் 20க்கும் 60க்கும் நடுவே துள்ளுகிறது. வெயில் ஏறினால் அடங்கிவிடுகிறது. மீட்டரை மாற்றணுமா?

வேண்டாம். கேபிளுக்குள் கெட்டி கிரீஸ் இருக்கும். பனிக்காலத்தில் அது இறுகி இன்னரை, அதாவது கியர்பாக்ஸ் சுழற்சியை மீட்டருக்குக் கொண்டுபோகும் உள்கம்பியை, பிடிக்கும். இன்னர் முறுக்கேறி, பிடி விட்டதும் சட்டென்று சுழலும். அந்தத் துள்ளலைத்தான் முள் காட்டுகிறது. மீட்டர் பின்னாலுள்ள நட்டைக் கழற்றி இன்னரை உருவி, மண்ணெண்ணெயில் கழுவித் துடைத்து, இளகிய கிரீஸை விரலால் லேசாகத் தடவுங்கள். மேல்முனையில் 20 செ.மீ. விட்டுவிடுங்கள்; இல்லாவிட்டால் கிரீஸ் மீட்டருக்குள் ஏறும்.

மாட்டும் முன், இன்னரின் இரு முனையையும் பிடித்து ஊஞ்சல் கயிறு மாதிரி தொங்கவிட்டு, ஒரு முனையை மெல்ல உருட்டுங்கள். மறுமுனை துள்ளினால் கம்பி எங்கோ மடிந்திருக்கிறது. அதை நிமிர்த்திப் பயனில்லை, புதிதுதான். கேபிள் வளைவு எங்கும் 15 செ.மீ. ஆரத்துக்குக் குறையக் கூடாது. நட்டைக் கையால் முடுக்கினால் போதும், பிளையர் வேண்டாம்.

குன்னூர்: முள்ளும் அசையவில்லை, கிலோமீட்டரும் ஏறவில்லை. புதுக் கேபிள் போட்டும் அப்படியே.

சமதரையில் நிறுத்தி, மற்ற மூன்று சக்கரத்துக்கும் கட்டை வைத்து, ஒரு பின்சக்கரத்தை மட்டும் தூக்குங்கள். இரண்டையும் தூக்கினால் மறுசக்கரம் எதிர்ப்பக்கம் சுற்றும், கியர்பாக்ஸையும் பின் அச்சையும் இணைக்கும் புரொபெல்லர் ஷாஃப்ட் நின்றுவிடும். நியூட்ரலில், ஹேண்ட்பிரேக் விட்டு, சக்கரத்தைக் கையால் சுற்றுங்கள். மீட்டர் பக்கம் கழற்றிய இன்னர் முனை சுற்றாவிட்டால் கோளாறு கியர்பாக்ஸ் பக்கம்: கேபிளைச் சுழற்றும் சிறு பல்சக்கரமான பினியனின் பல் தேய்ந்திருக்கும், அல்லது அதன் சதுரத் துளை உருண்டிருக்கும். பினியனை மாற்றும்போது டார்ச் அடித்து உள்ளே அதை ஓட்டும் வார்ம் கியரையும் (திருகு மாதிரிப் பல்) பாருங்கள். அது சிதைந்திருந்தால் புதுப் பினியனையும் தின்றுவிடும்.

கோத்தகிரி: முள் ஓடுகிறது, கிலோமீட்டர் எண் மட்டும் நின்றுவிட்டது.

கேபிளைத் தொடாதீர்கள். முள்ளை இழுப்பது காந்தம், எண்ணை ஓட்டுவது பல்சக்கரம். பல் போயிருக்கும், மீட்டர் ரிப்பேர்காரரிடம் கொடுங்கள்.

கூடலூர்: ஊட்டிக்கு ஏறி வந்தால் டயல் கண்ணாடிக்குள் எண்ணெய் தெரிகிறது சார்.

ஏற்றத்தில் வண்டி பின்பக்கம் சாயும்போது கியர்பாக்ஸ் ஆயில் பின்முனைக்கு வரும். பினியன் அங்கேதான். அங்கே ஆயில் கசியாமல் தடுக்கும் சீல் போயிருந்தால், இன்னரின் சுருள்கம்பி திருகு மாதிரி ஆயிலை மேலேற்றும். சீலை மாற்றுங்கள். ஆயில் மட்டத்தைச் சமதரையில் பாருங்கள் (நம் ஊரில் அதைத் தேடுவதே பாதி வேலை). கேபிளையும் கழுவுங்கள். காந்தத்துக்கும் முள்ளோடு சேர்ந்த அலுமினியக் கிண்ணத்துக்கும் நடுவே ஆயில் புகுந்தால் முள் வேகத்தைக் கூட்டிக் காட்டும். அப்போது மீட்டரையும் சுத்தம் செய்யணும்.

குன்னூர்: வேறு காரின் ஸ்மித்ஸ் கம்பெனி மீட்டர் பொருந்துமா?

டயலில் பொடி எழுத்தில் ஓர் எண் இருக்கும்: மைல் காட்டும் டயல் என்றால், 1 மைலுக்குக் (1609 மீட்டர்) கேபிள் எத்தனை சுற்று என்பது அது. இன்னர் முனையில் அட்டைத்துண்டைச் செருகி, காரை 20 மீட்டர் தள்ளிச் சுற்றை எண்ணுங்கள். 12 சுற்று என்றால் 12 × 1609 ÷ 20, அதாவது சுமார் 965. டயலில் 1000 இருந்தால் மீட்டர் 3.5 சதவீதம் குறைத்துக் காட்டும். 1400 இருந்தால் வாங்காதீர்கள்.