முளைகட்டிய தானியத்தில் பூஞ்சை: நான்காம் நாளோடு நிறுத்துங்கள்

கேள்வி: உச்சிப்புளி பக்கம் 15 நாட்டுக்கோழி வைத்திருக்கிறேன். கம்பும் கோதுமையும் ஊறவைத்து, ட்ரேயில் பரப்பி, 7, 8 நாள் புல்லாக வளர்த்துக் கொடுக்கப் பார்க்கிறேன். மூன்றாம் நாளே வெள்ளையாகப் படர்கிறது. ஐந்தாம் நாள் வாடை வந்துவிடுகிறது. எங்கள் போர் தண்ணீர் கொஞ்சம் சவர். பூஞ்சை பிடித்ததைக் கழுவிக் கொடுக்கலாமா?

பதில்: கொடுக்கக் கூடாது. பூஞ்சை நஞ்சு கழுவினாலும் போகாது, வெயிலில் காயவைத்தாலும் போகாது, வேகவைத்தாலும் முழுதாக அழியாது. பூஞ்சைத் தூசியை மூச்சோடு இழுக்கும் குஞ்சுகளுக்கு நுரையீரலில் பூஞ்சை நோய் வரலாம். வாயைத் திறந்து மூச்சு வாங்கும், ஆன்டிபயாடிக் கொடுத்தும் கேட்காது. பூஞ்சை பிடித்த ட்ரேயை ஆட்டுக்கும் போட வேண்டாம். கோழி கிளற முடியாத ஆழத்தில் புதைத்துவிடுங்கள்.

ஆனால் நீங்கள் மூன்றாம் நாள் பார்க்கும் வெள்ளை பூஞ்சையாகவே இருக்க வேண்டும் என்பதில்லை. முளைவிட்ட வேரைச் சுற்றி மட்டும் பஞ்சாக நிற்பது வேர்த்தூவி, அதாவது வேரின் மெல்லிய முடி. தண்ணீர் தெளித்தால் வேரோடு படிந்து மறையும், ஈரம் குறைந்ததும் மறுபடி எழும். பூஞ்சை, முளைக்காத மணியிலோ உடைந்த மணியிலோதான் தொடங்கும். அங்கிருந்து பக்கத்து மணிகளுக்கு நூல் ஓடிப் பின்னிக்கொள்ளும். தண்ணீர் ஊற்றினாலும் கலையாது. ஓரிரு நாளில் அதன்மேல் கறுப்போ பச்சையோ பொடி ஏறும். வாடையிலும் வித்தியாசம் உண்டு. புளித்த நாற்றம் அடித்தால் அடியில் தண்ணீர் தேங்குகிறது. பழைய சாக்கு மூட்டையைப் பிரித்தது போல மக்கல் வாடை அடித்தால் அது பூஞ்சை.

உங்கள் முதல் சந்தேகம் தண்ணீரின் மேல் விழ வேண்டும். மண்டபத்திலிருந்து சாயல்குடி வரை கடலோரத்தில் பல ஊர்களில் இதே சிக்கல்தான். சவர் தண்ணீர் நேராகப் பூஞ்சையைக் கொண்டுவருவதில்லை. அதில் ஊறிய தானியம் மெதுவாகவும் ஒன்றுபோல் இல்லாமலும் முளைக்கிறது, சில மணிகள் முளைக்காமலே செத்துப்போகின்றன. சூட்டிலும் ஈரத்திலும் கிடக்கும் அந்தச் செத்த மணியைத்தான் பூஞ்சை முதலில் பிடிக்கும். சோதிப்பது சுலபம். 100 மணி எண்ணி போர் தண்ணீரில் நனைத்த துணியிலும், இன்னொரு 100 மணியைக் குடிதண்ணீரில் நனைத்த துணியிலும் சுருட்டி வையுங்கள். மூன்றாம் நாள் பிரித்து முளைத்ததை எண்ணுங்கள். குடிதண்ணீரிலேயே 85-க்குக் கீழே இருந்தால் தானியம் பழசு, அதை முளைகட்ட வேண்டாம், அரைத்துப் போடுங்கள். குடிதண்ணீரில் நன்றாக முளைத்து, போர் தண்ணீரில் 10, 15 மணி குறைந்தால் ஊறவைக்கவும் அலசவும் குழாய்த் தண்ணீரோ சேமித்த மழைத் தண்ணீரோதான் வேண்டும். தட்டு கழுவ மட்டும் போர் தண்ணீர் போதும்.

இரண்டாவது, 8 நாள் வளர்ப்பதையே விட்டுவிடுங்கள். அது மாட்டுக்கு ஏற்ற முறை. நார்ப்பொருளைச் செரிக்கும் வயிறு கோழிக்கு இல்லை. 1 கிலோ தானியம் 5, 6 கிலோ புல்லாவது உண்மைதான், ஆனால் ஏறியது பெரும்பாலும் தண்ணீர். வளர வளர மணியிலிருந்த மாவுச்சத்து கரைந்து, உலர் எடை குறையத்தான் செய்கிறது. வேர் 1 செ.மீ. வந்ததும் கொடுத்துவிட்டால் சத்தும் மிச்சம், பூஞ்சைக்கு நாளும் கிடைக்காது. பச்சை வேண்டுமென்றால் முருங்கைக் கீரையை ஒடித்துக் கட்டித் தொங்கவிடுங்கள்.

15 கோழிக்கு நாளைக்கு 250 கிராம் கம்பு போதும். அது முளைத்தால் 450 கிராம் அளவுக்கு வரும், தலைக்கு 30 கிராம். வழக்கமான தீவனத்தோடு இது சேர்மானம்தான், அதற்குப் பதிலாகாது. கம்பு நம் வெயிலுக்கு ஒத்துப்போகும். கோதுமையை மார்கழி, தையில் வைத்துக்கொள்ளுங்கள். சோளத்தை முளைகட்டாதீர்கள், இளம் சோளக் குருத்தில் சயனைடு நஞ்சு உண்டு. விதைக்கடையில் சிவப்பாகவோ ரோஸாகவோ சாயம் ஏற்றி விற்கும் விதை மருந்து கலந்தது, அது எந்த வகையிலும் தீவனத்துக்கு ஆகாது.

இரவு படுக்கும் முன் தானியத்தைப் புடைத்து, உடைசலை நீக்கி, தண்ணீரில் போட்டு மிதப்பதை வழித்தெடுங்கள். 1 லிட்டர் தண்ணீருக்கு 3 கிராம் பிளீச்சிங் பவுடர் கரைத்து, தெளிந்த மேல்தண்ணீரை மட்டும் இறுத்து, அதில் 15 நிமிடம் தானியத்தை வையுங்கள். குளோரின் வாடை போகும்வரை மூன்று நான்கு முறை அலசி, நல்ல தண்ணீரில் 8 மணி நேரம் ஊறவிடுங்கள். கோடையில் 6 மணி நேரமே போதும், அதற்குமேல் புளிக்கும். காலையில் வடித்து, ஒரு அடி அகலமுள்ள, அடியெல்லாம் ஓட்டை போட்ட பிளாஸ்டிக் கூடையில் மெல்லிய பருத்தித் துணி விரித்துப் பரப்புங்கள். கனம் 1 செ.மீ. தாண்டக் கூடாது. இதற்குமேல் கனத்தால் நடுவில் சூடேறும். கையை உள்ளே விட்டால் வெதுவெதுப்பாகத் தெரியும், அப்போது உடனே அலசிக் கனத்தைக் குறையுங்கள். சாக்கு வேண்டாம், அதன் நாரில் ஒளிந்த பூஞ்சையைத் துவைத்து எடுக்க முடியாது.

காலை, மதியம், சாயங்காலம் மூன்று அலசல். ஒவ்வொரு முறையும் கூடையை ஒரு பக்கம் செங்கல் வைத்துச் சாய்த்து, சொட்டுவது நிற்கும்வரை வடியவிடுங்கள். கடைசி அலசல் பொழுது சாய்வதற்கு முன். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் காற்றிலேயே ஈரம் நிற்பதால் எதுவும் காயாது. அப்போது தானியத்தைக் கூடைக்கு 150 கிராமாகக் குறைத்து, சின்ன மின்விசிறியை ஓடவிடுங்கள். கூடை இருக்குமிடம் நிழலாகவும் காற்றோட்டமாகவும் இருக்க வேண்டும். கோழிக்கூண்டுக்கும் வைக்கோலுக்கும் பக்கத்தில் வைத்தால் அந்தத் தூசியோடு பூஞ்சை வித்து வந்து விழும்.

நான்கு கூடை வைத்துக்கொள்ளுங்கள். மூன்றில் தானியம் சுழற்சியில் இருக்க, நான்காவது பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவி, பிளீச்சிங் தண்ணீர் காட்டி, நல்ல வெயிலில் காயட்டும். துணியைக் கொதிக்கவையுங்கள். ஊறப்போட்டதிலிருந்து நான்காம் நாள் காலை கூடை காலியாக வேண்டும். வேர் அளவுக்கு வந்துவிட்டால் ஒரு நாள் முன்னதாகவே கொடுக்கலாம். கொடுக்கும்போது தரையில் கொட்டாமல் தட்டில் வைத்து, ஒரு மணி நேரத்தில் தின்னாததை எடுத்துவிடுங்கள். முட்டைக் கோழிக்குத் தனிக் கிண்ணத்தில் உடைத்த கிளிஞ்சலும் வேண்டும், முளைத்த தானியத்தில் ஓட்டுக்குத் தேவையான சுண்ணாம்புச் சத்து இல்லை.