கழிவுநீரில் முதலீடு: ஒரு கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

வளைகுடா நாடொன்றில் குடிநீர் நிலையத்தில் பம்பு பராமரிப்பு வேலை பார்த்துவிட்டு ஊர் திரும்பியிருக்கிறேன். கையில் ஓரளவு சேமிப்பு இருக்கிறது. நகராட்சிகளின் குடிநீர், கழிவுநீர்த் திட்டங்களை எடுத்துச் செய்யும் கம்பெனிகளின் பங்குகளை வாங்கிப் போடும்படி மைத்துனர் சொல்கிறார். சொந்தமாக ஒப்பந்தத் தொழில் தொடங்கலாமா என்பது என் யோசனை. தாமிரபரணியில் சாக்கடை கலப்பதைப் பார்க்கும்போது இந்தத் துறையில் வேலைக்குப் பஞ்சமிருக்காது என்று தோன்றுகிறது. தங்கள் கருத்தை அறிய விரும்புகிறேன்.

வாசகர், மேலப்பாளையம்

அன்புள்ள நண்பருக்கு,

வேலைக்குப் பஞ்சமில்லை என்பது உண்மைதான். மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 2021இல் வெளியிட்ட கணக்கின்படி, நாட்டின் நகரங்களில் நாளொன்றுக்கு 72,368 மில்லியன் லிட்டர் கழிவுநீர் உண்டாகிறது. அமைக்கப்பட்ட சுத்திகரிப்பு நிலையங்களின் கொள்ளளவு 31,841 மில்லியன் லிட்டர். உண்மையில் சுத்திகரிக்கப்படுவது 20,236 மில்லியன் லிட்டர் மட்டுமே. பங்குகளைப் பரிந்துரைப்பவர்கள் முதல் எண்ணைக் காட்டுவார்கள்; நான் உங்களைப் பார்க்கச் சொல்வது பின்னிரண்டையும்தான். கட்டி முடித்த கொள்ளளவிலேயே மூன்றில் ஒரு பங்குக்கு மேல் பயன்படாமல் கிடக்கிறது என்றால், குழாய் வந்து சேரவில்லை, வீட்டு இணைப்பு கொடுக்கப்படவில்லை, மின்கட்டணத்துக்கும் ஆட்களுக்கும் பணம் ஒதுக்கப்படவில்லை என்று பொருள். தேவை மலையளவு இருந்தாலும், மாதந்தோறும் பணம் தருபவர் யார், எந்த வருவாயிலிருந்து தருவார் என்பது எழுத்தில் இல்லாதவரை அங்கே சந்தை கிடையாது. முதலீட்டாளரும் ஒப்பந்ததாரரும் முதலில் கேட்க வேண்டிய கேள்வி இதுவே.

நம் மாநிலத்திலேயே இதற்குச் சான்றுகள் உண்டு. சென்னையை ஒட்டியிருந்த ஆலந்தூர் நகராட்சி பாதாளச் சாக்கடைத் திட்டத்தைத் தொடங்கியபோது, வீடொன்றுக்கு ரூ.5,000 வைப்புத்தொகையை மக்களிடமிருந்து முன்கூட்டியே திரட்டியது. சுத்திகரிப்பு நிலையத்தைத் தனியார் கட்டி, குறிப்பிட்ட காலம் இயக்கி, பிறகு ஒப்படைக்கும் முறையில் அமைத்தது. மக்கள் பணம் கட்டிவிட்டதால் இணைப்பு வாங்கினார்கள்; இணைப்பு இருந்ததால் நிலையத்துக்குக் கழிவுநீர் வந்தது; அதனால் இயக்கியவருக்குத் தொகை கிடைக்க வழி இருந்தது. திருப்பூரின் கதை வேறு. பவானிக்கு அருகே காவிரியிலிருந்து நாளொன்றுக்கு 185 மில்லியன் லிட்டர் நீரைக் கொண்டுவரும் திட்டம், ஏறத்தாழ ரூ.1,000 கோடிச் செலவில் 2005 வாக்கில் இயங்கத் தொடங்கியது. அதன் வருமானம் பெரிதும் சாயப்பட்டறைகளை நம்பியிருந்தது. 2011இல் உயர்நீதிமன்ற உத்தரவால் பட்டறைகள் மூடப்பட்டதும், அவை பின்னர் சுத்திகரித்த நீரையே மறுபடி பயன்படுத்தத் தொடங்கியதும், அந்த வருமானத்தை ஆட்டிவிட்டன. ஒரே வகை வாடிக்கையாளரை நம்பி நீண்டகாலக் கடன் வாங்குவதன் ஆபத்தை அங்கே கண்கூடாகக் காணலாம்.

உங்கள் மைத்துனர் சொல்லும் பங்குகளைப் பொறுத்தவரை, நான் எதையும் பரிந்துரைக்க மாட்டேன். கையிருப்பு ஒப்பந்தங்களின் மதிப்பைப் பார்த்து மயங்காமல், பில் போட்டும் வராத பாக்கி எவ்வளவு, எத்தனை நாளில் வசூலாகிறது என்பதை ஆண்டறிக்கையில் தேடச் சொல்லுங்கள். கங்கையைத் தூய்மைப்படுத்தும் திட்டங்களில் கட்டுமானத்தின்போது 40 சதவீதத்தையும், மீதி 60 சதவீதத்தை இயக்கும் 15 ஆண்டுகளில் தவணைகளாகவும் தரும் முறை வந்தது. நிலையத்தை ஒழுங்காக ஓட்டினால்தான் மீதி கைக்கு வரும் என்பதால் அதை நல்ல ஏற்பாடாகக் கருதுகிறேன். நிலையான வட்டியை விரும்புபவர்களுக்கு நகராட்சிக் கடன் பத்திரங்களும் இருக்கின்றன. காஜியாபாத் மாநகராட்சி 2021இல் 8.1 சதவீத வட்டியில் ரூ.150 கோடி திரட்டியது, கழிவுநீரைத் தொழிற்சாலைகளுக்கு ஏற்றபடி சுத்திகரித்து விற்பதற்காகத்தான்.

சென்னையில் கொடுங்கையூரிலும் கோயம்பேட்டிலும் நாளொன்றுக்குத் தலா 45 மில்லியன் லிட்டர் திறனில் இதே வேலை 2019 முதல் நடக்கிறது. நமக்கு இதுவே மிக முக்கியமான வாய்ப்பு என்று நினைக்கிறேன். ஸ்ரீவைகுண்டம் அணைக்கட்டிலிருந்து தூத்துக்குடி ஆலைகளுக்குத் தாமிரபரணி நீர் பல ஆண்டுகளாகப் போயிருக்கிறது. கங்கைகொண்டான் சிப்காட்டுக்கு ஆற்றுநீர் கொடுப்பதை எதிர்த்து வழக்கும் போராட்டமும் நடந்தன. திருநெல்வேலி மாநகராட்சியின் கழிவுநீர் போய்ச் சேரும் இராமையன்பட்டியும் கங்கைகொண்டானும் நகருக்கு வடக்கேதான் இருக்கின்றன. கடைமடை வயலுக்கும் குடிநீருக்கும் போக வேண்டிய ஆற்றுநீரை ஆலைகள் விட்டுவிட்டு, சுத்திகரித்த நீரை விலைக்கு வாங்கும் நிலை வந்தே தீர வேண்டும்.

இனி உங்கள் தொழில் பற்றி. புதிய நிலையம் கட்டும் டெண்டருக்கு வைப்புத்தொகை, வங்கி உத்தரவாதம், முன் அனுபவச் சான்று எல்லாம் கேட்பார்கள். அது உங்கள் சேமிப்புக்கு எட்டாது. பராமரிப்பு எட்டும். ஒரு கழிவுநீர் உந்து நிலையத்தின் சல்லடையைப் பாருங்கள்: ஷாம்பு பாக்கெட்டுகள், கிழிந்த துணி, முடிக்கற்றை, குழந்தைகளின் டயப்பர். இவற்றில் சல்லடைக்குத் தப்பியது பம்பின் சுழலியில் சுற்றிக்கொள்கிறது. மோட்டார் சூடேறி நின்றுவிடுகிறது. அரை நாள் நின்றால் தாழ்ந்த தெருவில் ஆள்நுழைவுக் குழி பொங்கி, மழைநீர் வடிகாலில் இறங்கி, கால்வாய் வழியே ஆற்றுக்குப் போகிறது. தாமிரபரணியின் குறுக்குத்துறைப் படித்துறையில் முங்கிக் குளிப்பவர் தலையில் அது விடிகிறது. ஒரு மணி நேரத்தில் மாற்று பம்பைப் பொருத்தித் தரக்கூடிய உள்ளூர் ஆள் இருந்தால் அந்த ஆறு அன்று தப்பும். உங்கள் கைக்குத் தெரிந்த வேலை அது. வீட்டு இணைப்பு கொடுக்கும் பணியும், செப்டிக் டேங்க் லாரித் தொழிலும் இதோடு சேரக்கூடியவை. எதை எடுத்தாலும் இயந்திரத்துக்கான செலவை விலைப்புள்ளியிலேயே சேர்த்துவிடுங்கள். மனிதரைக் குழிக்குள் இறக்கி மிச்சம் பிடிக்கும் ஒப்பந்தம் மனிதக் கழிவை மனிதரே அகற்றுவதைத் தடைசெய்யும் 2013ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். சட்டம் இல்லாவிட்டாலும் அந்தப் பணம் நமக்கு வேண்டாம்.

விலைப்புள்ளி கொடுப்பதற்கு முன் ஒரு காரியம் செய்யுங்கள். மாநகராட்சியின் வரவு செலவில் குடிநீர் மற்றும் வடிகால் நிதிக்கென்று தனிக் கணக்கு இருக்கிறது. கட்டண வசூல் எவ்வளவு, மின்கட்டணப் பாக்கி எவ்வளவு, பராமரிப்பு ஒப்பந்ததாரர்களுக்கு எத்தனை மாத பில் நிலுவையில் உள்ளது என்பதை, தேவைப்பட்டால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் மனு போட்டு, மூன்றாண்டுகளுக்கு வாங்கிப் பாருங்கள். நிலுவை ஆறு மாதத்தைத் தாண்டியிருந்தால், அத்தனை மாதச் சம்பளத்தைக் கைப்பணத்திலிருந்து கொடுக்க முடியுமா என்று கணக்குப் போட்ட பிறகே கையெழுத்திடுங்கள்.