போதை, தன்பாலீர்ப்பு, விசுவாசத்திற்குத் திரும்புதல்: கேள்வி பதில்

போதை மீட்பு ஆலோசகராகப் பணியாற்றும் நான் இறையியலும் பயின்றவள். குடியையும் போதைப்பொருளையும் விட்டுவிட்டு மீண்டும் கிறிஸ்தவ விசுவாசத்திற்குத் திரும்ப விரும்புகிறவர்கள், அவர்களிலும் குறிப்பாகத் தன்பாலீர்ப்புள்ளவர்கள், எழுதிய கேள்விகளுக்கு இங்கே பதிலளிக்கிறேன். எழுதியவர்களை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை நீக்கிவிட்டேன்.

சகோதரி, நான் ஆண்களை நேசிக்கும் ஆண். பல ஆண்டுகள் குடித்துச் சீரழிந்தபின் குடியை நிறுத்திச் சபைக்குத் திரும்பியிருக்கிறேன். "உன் குடிக்கு வேரே அந்த இச்சைதான், அது போனால்தான் இது போகும்" என்று எங்கள் போதகர் சொல்கிறார். அது உண்மையா?

உண்மையன்று. அவர் அக்கறையோடுதான் பேசியிருப்பார். ஆனாலும் வெவ்வேறான இரண்டு காரியங்களை ஒரே முடிச்சாகப் போட்டுவிட்டார். குடிநோய்க்குத் தெளிவான அடையாளங்கள் உண்டு: நிறுத்த விரும்பியும் நிறுத்த முடியாமை, அளவு கூடிக்கொண்டே போதல், நிறுத்தினால் நடுக்கமும் வியர்வையும் காணுதல், உடலும் வேலையும் உறவும் கெடுவதைக் கண்ணால் கண்ட பின்னும் தொடர்தல். ஒருவர் யாரை நேசிக்கிறார் என்பதில் இவை எதுவும் இல்லை. அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் 1973இலும், உலக சுகாதார நிறுவனம் 1990இலும் தன்பாலீர்ப்பை நோய்ப் பட்டியலிலிருந்து நீக்கின. குடிநோயோ இன்றும் அந்தப் பட்டியலில் இருக்கிறது, இருக்கவும் வேண்டும்.

தன்பாலீர்ப்புள்ளவர்களிடையே குடியும் போதையும் மற்றவர்களைவிட மிகுதியாகக் காணப்படுகின்றன என்பது மெய்தான். ஆனால் அதற்குக் காரணம், வெளியே தெரிந்துவிடுமோ என்ற ஓயாத அச்சமும், வீட்டாரும் சபையாரும் தள்ளிவிடும் வேதனையும், தன்னைப் போன்றவர்களைச் சந்திக்க மதுக்கூடத்தைத் தவிர வேறு இடமில்லாத நிலையுமே. உங்கள் போதகர் வேர் என்று காட்டுவதை விட்டுவிட்டு, அதைச் சுற்றியிருந்த வெட்கத்தைப் பாருங்கள். குடி அந்த வெட்கத்தைத்தான் மரத்துப்போகச் செய்துவந்தது.

இந்த முடிச்சை நான் இவ்வளவு வன்மையாக எதிர்ப்பதற்கு ஒரு காரணம் உண்டு. ஈர்ப்பு போனால்தான் குடி போகும் என்று நம்பத் தொடங்கிய மனிதர், ஈர்ப்பு தலைகாட்டும் ஒவ்வொரு நாளிலும் "நான் ஏற்கெனவே விழுந்துவிட்டேன்" என்று எண்ணிக்கொள்கிறார். விழுந்தாகிவிட்டது என்றால் குடிப்பதற்கு என்ன தடை? இப்படி மீண்டும் குடிக்கத் தொடங்கியவர்களை நான் திரும்பத் திரும்பப் பார்த்திருக்கிறேன். ஆகவே உங்கள் போதகரிடம் பணிவாக, ஆனால் உறுதியாகச் சொல்லுங்கள்: "நான் குடிக்காமலிருக்க எனக்காக ஜெபியுங்கள், என்னைத் தாங்குங்கள், மற்றக் கேள்வியைத் தனியாகப் பேசுவோம்."

என் மகன் காலையிலேயே குடிக்கத் தொடங்குகிறான். தனக்குப் பெண்கள்மீது நாட்டமில்லை என்றும் சொல்லிவிட்டான். மூன்று நாள் உபவாசத்தோடு விடுதலை ஜெபம் நடத்தும் இடத்திற்கு அவனை அழைத்துச் செல்லலாமா, சகோதரி?

அம்மா, தயவுசெய்து முதலில் அவரை மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். நாள்தோறும் காலையிலிருந்தே குடிக்கிறவர் திடீரென்று நிறுத்தினால் முதல் இரண்டு நாட்களுக்குள் வலிப்பு வரக்கூடும். இரண்டாம் நாளுக்கும் நான்காம் நாளுக்கும் இடையில் மனக்குழப்பமும் காய்ச்சலும் இல்லாததைக் காணுதலும் சேர்ந்த நிலை வரலாம். அது உயிரையே பறிக்கும். அதன்மேல் உணவும் நிறுத்தப்பட்டால் ஆபத்து இரட்டிப்பாகும். நீண்டகாலமாகக் குடிப்பவர்களுடைய உடலில் தயாமின் என்னும் வைட்டமின் ஏற்கெனவே குறைந்திருக்கும், அதைக் கொடுக்காமல் விட்டால் மூளை நிரந்தரமாகப் பாதிக்கப்படலாம். அந்த நிலையில் காணும் பிதற்றலைப் பிசாசின் செயல் என்று எண்ணிக் கட்டிவைத்து ஜெபிப்பதுதான் நான் அஞ்சுகிற காரியம். மருத்துவமனையில் உங்கள் மகனுடைய படுக்கையருகே அமர்ந்து நீங்கள் செய்யும் ஜெபத்தைத் தேவன் கேட்கமாட்டாரா?

அவருடைய ஈர்ப்பை ஜெபத்தால் மாற்றலாமா என்பதற்கும் பதில் சொல்ல வேண்டும். இப்படி மாற்ற முயன்ற கிறிஸ்தவ அமைப்புகளில் மிகப் பெரியது 1976இல் அமெரிக்காவில் தொடங்கிய எக்ஸோடஸ் இன்டர்நேஷனல். அதன் தலைவர் ஆலன் சேம்பர்ஸ், தாம் சந்தித்தவர்களில் மிகப் பெரும்பாலோருடைய ஈர்ப்பு மாறவில்லை என்று வெளிப்படையாக ஒப்புக்கொண்டு, தங்கள் செயலால் புண்பட்டவர்களிடம் மன்னிப்புக் கேட்டு, 2013 ஜூனில் அமைப்பையே மூடிவிட்டார். அதே பாதையில் உங்கள் மகனை அனுப்பாதீர்கள். அவர் உங்களிடம் உண்மையைச் சொன்னாரே, அந்த நம்பிக்கையைக் காப்பாற்றிக்கொள்ளுங்கள்.

ஆபாசப் படங்களுக்கு அடிமையாகிவிட்டேன். மாதத்தில் ஓரிருமுறை பார்த்துவிட்டு, நாட்கணக்கில் அழுகிறேன். சிகிச்சை எடுக்க வேண்டுமா?

2022 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த உலக சுகாதார நிறுவனத்தின் நோய் வகைப்பாட்டில், கட்டுக்கடங்காத பாலியல் நடத்தை என்றொரு கோளாறு சேர்க்கப்பட்டிருக்கிறது. ஆறு மாதமோ அதற்கு மேலோ அடக்க முடியாமல் தொடர்ந்து, உடல்நலத்தையும் கடமைகளையும் உறவுகளையும் கெடுத்தால்தான் அப்படிச் சொல்ல முடியும். "இது தவறு" என்ற நெறிசார்ந்த தீர்ப்பிலிருந்து மட்டுமே எழும் மனவேதனை அதற்குப் போதாது என்று அந்த வகைப்பாடே தெளிவுபடுத்துகிறது. நீங்கள் சொல்வதைப் பார்த்தால் உங்களுக்கு இருப்பது மனசாட்சியின் போராட்டம். அதற்கு நல்ல ஆன்மீக வழிகாட்டி தேவை. அந்த நாட்கணக்கான அழுகையைப் பற்றி மட்டும் ஒரு மனநல ஆலோசகரிடமும் பேசுங்கள்.

மெத்தாம்பெட்டமினை விட்டு ஐந்து மாதங்கள் ஆகின்றன. எனக்கு உடலுறவும் அந்தப் போதையும் எப்போதும் சேர்ந்தே இருந்தன. இப்போது ஆசை எழுந்தாலே போதையின் நினைவு வருகிறது. பாலுறவையே விட்டுவிட்டால்தான் தேவனுக்கு உகந்தவனாக இருக்க முடியுமோ என்று தோன்றுகிறது.

தோழரே, உங்கள் மூளைக்குள் நடப்பதை முதலில் விளக்குகிறேன். மெத்தாம்பெட்டமின், இன்பத்தோடும் ஊக்கத்தோடும் தொடர்புடைய டோபமைனை இயல்பான எந்த அனுபவமும் தரமுடியாத அளவுக்கு மூளையில் பெருக்குகிறது. அதோடு சேர்ந்து நடந்த யாவும், ஓர் அறையின் ஒளியும் ஒரு செயலியின் அறிவிப்பு ஒலியும்கூட, போதையின் முன்னறிவிப்பாக மூளையில் பதிந்துவிடுகின்றன. அதனால்தான் ஆசை எழுந்தவுடனே ஏக்கமும் எழுகிறது. இது பழகிப்போன இணைப்பு. பழகியது மெல்லத் தளரும். எதிலும் மகிழ்ச்சி தோன்றாத நிலை பல மாதங்கள் நீடிக்கலாம், சிலருக்கு ஓராண்டைத் தாண்டலாம். ஐந்தாம் மாதத்தில் நின்றுகொண்டு வாழ்நாள் முழுமைக்கும் தீர்மானம் எடுக்காதீர்கள்.

சிறிது காலம் பாலுறவிலிருந்து விலகியிருப்பதை நான் பெரும்பாலும் பரிந்துரைக்கிறேன். அதை நோன்பைப் போல, தொடக்கமும் முடிவும் உள்ளதாக வைத்துக்கொள்ளுங்கள். பழைய எண்களையும் செயலிகளையும் நீக்குங்கள். எச்ஐவி உள்ளிட்ட பரிசோதனைகளைச் செய்துகொள்ளுங்கள். எச்ஐவி தொற்றைத் தடுக்கும் பிரெப் மாத்திரை குறித்தும் மருத்துவரிடம் கேளுங்கள். பிறகு உங்கள் உடலோடும் இன்னொரு மனிதரோடும் தெளிந்த மனத்துடன் இருக்கக் கற்றுக்கொள்வது, வெட்கமும் அச்சமும் நிறைந்த மெதுவான வேலை. தங்கள் முழு இளமையிலும் போதையில்லாமல் ஒருவரையும் தொட்டதில்லை என்று சொன்னவர்கள்கூட அதைக் கற்றிருக்கிறார்கள். துறவு ஓர் அழைப்பாக இருக்கலாம்; தன் உடலின்மீது உண்டான அருவருப்பை அழைப்பு என்று எடுத்துக்கொள்ள வேண்டாம்.

வேதம் சொல்வதை எப்படித் தள்ளுவது? ஒருபால் உறவைக் கண்டிக்கும் லேவியராகமம் 18, ரோமர் 1, முதலாம் கொரிந்தியர் 6 ஆகியவை என்னைத் தூங்கவிடுவதில்லை.

வேதத்தை மதித்து வாசிக்கிற திருச்சபைகளே இதில் ஒன்றுபட்டிருக்கவில்லை. கத்தோலிக்கத் திருச்சபை ஈர்ப்பைப் பாவம் என்று போதிப்பதில்லை; செயலைத்தான் விலக்குகிறது. தன்பாலீர்ப்புள்ளவர்களை மரியாதையோடும் பரிவோடும் ஏற்கவேண்டும் என்றும் அதன் மறைக்கல்வி நூல் சொல்கிறது. பெந்தெகொஸ்தே சபைகளில் பெரும்பாலானவை கடுமையாக எதிர்க்கின்றன. இங்கிலாந்து திருச்சபை 2023 டிசம்பரிலிருந்து ஒருபால் இணையர்க்கான ஆசீர்வாத ஜெபங்களை வழிபாட்டில் அனுமதித்தாலும், திருமணம் நடத்துவதில்லை. ஐக்கிய மெதடிஸ்ட் திருச்சபை, தன்பாலீர்ப்பாளரைக் குருக்களாக அபிஷேகம் செய்வதற்கிருந்த தடையை 2024இல் நீக்கிவிட்டது.

என் நிலைப்பாட்டையும் மறைக்க விரும்பவில்லை. நீங்கள் குறிப்பிட்ட பகுதிகள் சுரண்டலையும் விக்கிரக ஆராதனையோடு கலந்த காமத்தையும் மனத்தில் கொண்டு எழுதப்பட்டவை என்றும், ஒருவரையொருவர் உண்மையோடு தாங்கும் இருவரின் வாழ்வை அவை நேரடியாகத் தொடவில்லை என்றும் நான் வாசிக்கிறேன். உபாகமம் 23 சபைக்குள் சேர்க்காத அண்ணகரை (விதையடிக்கப்பட்ட ஆண்களை), ஏசாயா 56 தேவனுடைய ஆலயத்திற்குள் அழைத்து, குமாரருக்கும் குமாரத்திகளுக்கும் உரியதைவிட மேலான பெயரை வாக்களிக்கிறது. அப்போஸ்தலர் 8இல் எத்தியோப்பிய அண்ணகன் "நான் ஞானஸ்நானம் பெறுகிறதற்குத் தடையென்ன" என்று கேட்கிறான், பிலிப்பு அவனுக்கு ஞானஸ்நானம் கொடுக்கிறார். இதே பகுதிகளை வாசித்துவிட்டு, மனமுவந்து துறவு வாழ்வைத் தேர்ந்துகொண்ட தன்பாலீர்ப்புள்ள விசுவாசிகளையும் அறிவேன். அவர்களை நான் குறைவாக எண்ணவில்லை. போதையை விட்ட முதல் ஆண்டில் பெரிய தீர்மானங்கள் எடுக்கவேண்டாம் என்பது மீட்புக் குழுக்களில் வழங்கும் பழைய அறிவுரை. அது இந்தக் கேள்விக்கும் பொருந்தும். பதில் தெரியாமலே நீங்கள் ஜெபிக்கலாம்.

நான் பெண்ணை நேசிக்கும் பெண். குடியை விட விரும்புகிறவர்கள் ஒருவரையொருவர் தாங்கும் ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் கூட்டத்தில் என்னை ஏற்பார்களா? அங்கே இயேசுவின் பெயரைச் சொல்லாமல் "நாம் புரிந்துகொண்டபடியான கடவுள்" என்று பொதுவாகச் சொல்வதும் உறுத்துகிறது.

1935இல் அமெரிக்காவின் ஏக்ரன் நகரில் பில் வில்சனும் மருத்துவர் பாப் ஸ்மித்தும் தொடங்கிய அந்த இயக்கம், ஆக்ஸ்போர்டு குரூப் என்ற கிறிஸ்தவ எழுப்புதல் குழுவிலிருந்து பிறந்தது. குற்றங்களை ஆராய்தல், அறிக்கையிடுதல், ஈடுசெய்தல் என்ற படிகளெல்லாம் அங்கிருந்து வந்தவைதான். நம்பிக்கையற்றவரும் உள்ளே வரட்டும் என்பதற்காகவே கதவைப் பெரிதாக்கினார்கள். அங்கே உங்கள் ஆண்டவரை இயேசு என்றே நீங்கள் அழைக்கலாம்.

உங்கள் முதல் கேள்விக்கு, அந்த இயக்கத்தின் தொடக்கக் காலத்திலேயே பதில் இருக்கிறது. ஒரு மனிதர் வந்து, குடிநோயைவிடவும் இழிவாகக் கருதப்படும் இன்னொன்று தன்னிடம் உண்டு, என்னைச் சேர்த்துக்கொள்வீர்களா என்று கேட்டார். சிலர் தயங்கினார்கள். நம் ஆண்டவர் இந்த இடத்தில் இருந்தால் என்ன செய்வார் என்று பாப் கேட்டார்; அதன்பின் வாதம் நின்றுபோயிற்று. வந்த அந்த மனிதர் சொன்னது தம்முடைய பாலியல்பைத்தான் என்பதைப் பில் 1968இல் வெளிப்படுத்தினார். குடியை நிறுத்தும் விருப்பம் ஒன்றே உறுப்பினராவதற்குத் தேவை என்பது அவர்களுடைய மரபு. ஒரு குறிப்பிட்ட கூட்டத்தில் வரவேற்பு இல்லையென்றால் வேறு கூட்டத்திற்குச் செல்லுங்கள்.

திருவிருந்தில் திராட்சரசம் கொடுக்கிறார்கள். குடிநோயாளியான நான் என்ன செய்வது?

எடுக்கவேண்டாம். கத்தோலிக்கப் போதனைப்படி, அப்பத்தை மட்டும் பெற்றாலும் கிறிஸ்துவை முழுமையாகப் பெறுகிறீர்கள். பல மெதடிஸ்ட் சபைகள் 19ஆம் நூற்றாண்டிலிருந்தே புளிக்காத சாற்றைத்தான் வழங்குகின்றன. உங்கள் குருவிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

போதை சிகிச்சையில் தரப்படும் நால்ட்ரெக்ஸோன், புப்ரெநார்பின் போன்ற மாத்திரைகளை எடுத்துக்கொள்வது விசுவாசக் குறைவா?

இல்லை. அபின்வகைப் போதையில் புப்ரெநார்பினைச் சபையாரின் சொல்லுக்காக நிறுத்துவது மிகவும் ஆபத்தானது: நிறுத்தியபின் உடலின் தாங்கும் அளவு குறைந்துவிடும், பழைய அளவை ஒருமுறை எடுத்தாலே மூச்சு நின்றுபோகலாம்.

மறுபடியும் விழுந்துவிட்டேன். எத்தனைமுறை மன்னிப்புக் கேட்பது? கேட்கவே வெட்கமாக இருக்கிறது.

சீனாவில் மார்க் ஜி தியான்ஷியாங் என்ற கிறிஸ்தவ மருத்துவர் இருந்தார். வயிற்றுநோய்க்காக அபினை உட்கொண்டு அதற்கு அடிமையானார். திரும்பத் திரும்ப அதே குற்றத்தை அறிக்கையிட்டதால், அவர் உண்மையாக மனந்திரும்பவில்லை என்று எண்ணிய குரு, போதையை விடும்வரை பாவமன்னிப்பும் நற்கருணையும் இல்லை என்று மறுத்துவிட்டார். ஏறத்தாழ 30 ஆண்டுகள் அவரால் அபினை விட முடியவில்லை, ஆலயத்தையும் விடவில்லை. 1900இல், அந்நியருக்கும் கிறிஸ்தவர்களுக்கும் எதிராக எழுந்த பாக்ஸர் கலகத்தின்போது குடும்பத்தோடு பிடிபட்டார். தம் வீட்டார் ஒருவரும் தனியாகச் சாகக்கூடாது என்று, தம்மைக் கடைசியாகக் கொல்லும்படி வேண்டிக்கொண்டார். 2000இல் திருச்சபை அவரைப் புனிதராக அறிவித்தது. அவர் போதையிலிருந்து விடுபட்டார் என்று எந்தக் குறிப்பும் இல்லை.

இதை நீங்கள் மீண்டும் போதை எடுப்பதற்கு அனுமதியாகச் சொல்லவில்லை. பவுலுக்குச் சொல்லப்பட்ட "என் கிருபை உனக்குப்போதும்" என்ற வார்த்தை, உடலில் தைத்த முள் என்று அவரே அழைத்த வேதனை நீங்காத மனிதனுக்குச் சொல்லப்பட்டது. ஆகவே இன்றே ஜெபியுங்கள். இன்றே ஆலோசகரையும் அழைத்து, விழுவதற்கு முந்தைய மூன்று நாட்களில் என்ன நடந்தது என்று அவரோடு உட்கார்ந்து எழுதுங்கள்.

சபை மேடையில் சாட்சி சொல்ல அழைக்கிறார்கள். என் பாலீர்ப்பையும் சேர்த்து, விடுதலை பெற்றதாகச் சொல்ல வேண்டுமாம்.

மறுத்துவிடுங்கள். உண்மையல்லாததைச் சாட்சியாகச் சொல்லக்கூடாது. உண்மையானதையும் மீட்பின் தொடக்கத்தில் கூட்டத்தின்முன் வைக்கத் தேவையில்லை. "உங்கள் குற்றங்களை ஒருவருக்கொருவர் அறிக்கையிட்டு" என்று யாக்கோபு எழுதியதை நிறைவேற்ற, நம்பத்தக்க ஒரே ஒருவர் போதும். மேடையில் கைதட்டு வாங்கியவர், பிறகு சறுக்கினால் யாரிடமும் சொல்லமுடியாமல் தனித்துவிடுகிறார்.

ஒரு பெண்ணைத் திருமணம் செய்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று வீட்டார் வற்புறுத்துகிறார்கள்.

உங்கள் சிகிச்சைக்காக இன்னொருவருடைய வாழ்நாளைச் செலவிடும் உரிமை உங்களுக்கு இல்லை.

புதிதாக ஒரு சபையில் சேர நினைக்கிறேன். அது பாதுகாப்பான இடமா என்று எப்படி அறிவது?

சேருமுன் போதகரைத் தனியே சந்தித்துச் சில கேள்விகளைக் கேளுங்கள். என்னைப் போன்றவர் திருவிருந்தில் பங்குபெறலாமா? பாடற்குழுவிலோ ஞாயிறு பள்ளியிலோ ஊழியம் செய்யலாமா? நான் மீண்டும் குடித்துவிட்டால் யாரிடம் சொல்லலாம், அது யார் காதுக்கெல்லாம் போகும்? "எல்லாரும் வரலாம்" என்ற பொதுவான பதிலோடு திருப்தியடையாதீர்கள். பல ஆண்டுகள் கழித்து, ஊழியத்தில் கைவைத்த பிறகு, கதவு மூடப்படுவதை நான் பார்த்திருக்கிறேன். தெளிவாக "முடியாது" என்கிறவர் உங்களுக்கு நேர்மையாக நடந்துகொள்கிறார். அவருக்கு நன்றி சொல்லிவிட்டு வேறு சபையைத் தேடுங்கள். கிடைக்கும்வரை வீட்டில் இரண்டு மூன்று பேராகச் சேர்ந்து வேதம் வாசித்து ஜெபியுங்கள். மீட்புக் கூட்டத்திற்குப் போவதை மட்டும் ஒரு வாரமும் நிறுத்தவேண்டாம்.