தங்கை ஒரு குருவின் குழுவில் சேர்ந்துவிட்டாள், வீட்டில் யாரிடமும் பேசுவதில்லை. எப்படி மீட்பது?

பதினாறு வயது, நன்றாகப் படிப்பவள், 'இவ்வளவு அறிவுள்ள பெண் எப்படி ஏமாந்தாள்' என்று கேட்டிருக்கிறீர்கள். ஏறக்குறைய அதே வயதில் அப்படியொரு குழுவில் இருந்தவள் நான். அந்த வரி சுருக்கென்று தைத்தது.

அறிவை இதில் இழுக்காதீர்கள். 1995இல் டோக்கியோ சுரங்க ரயிலில் சாரின் நச்சுவாயுவைப் பரப்பிய ஓம் ஷின்ரிக்கியோ என்ற ஜப்பானிய மதக்குழுவின் ஆட்களில் ஒருவர் இதய அறுவை மருத்துவர்.

நான் கடவுளைத் தேடிப் போகவில்லை. புதுப் பள்ளி, தோழி என்று ஒருத்தியும் இல்லை. இடைவேளையில் தனியாக உட்கார்ந்திருப்பதை யாரும் பார்க்கக் கூடாதென்று நூலகத்துக்குள் போய்விடுவேன். வெளியிலிருந்து வந்து வாசிப்பு வட்டம் நடத்திய ஒரு அக்கா அங்கேதான் பழக்கமானாள். கூட்டத்துக்குப் போனால் எல்லோருக்கும் என் பெயர் தெரிந்திருந்தது. போன வாரம் தலைவலி என்றாயே, சரியாகிவிட்டதா என்று ஒருத்தி கேட்டாள். வீட்டில் அப்படிக் கேட்க ஆளில்லை. அவ்வளவுதான், விழுந்துவிட்டேன்.

குரு, கொள்கை எல்லாம் அப்புறம்தான் வந்தன. முதலில் நாட்குறிப்பு எழுதி அக்காவிடம் காட்ட வேண்டும். பிறகு விடியுமுன் தியானம், தூக்கம் பாதியானது. பிறகு, 'வீட்டில் எதிர்ப்பார்கள், அது உனக்கு வரும் சோதனை' என்றார்கள். அப்பா கத்தியபோது, குரு சொன்னது பலித்துவிட்டதே என்று எனக்குச் சிலிர்த்துப் போனது! நீங்கள் குருவைத் திட்டத் திட்ட அவர்கள் வாக்குதான் பலிக்கும்.

பக்தியைக் குறை சொல்கிறேன் என்று யாரும் சண்டைக்கு வர வேண்டாம், நானும் சாமி கும்பிடுகிறவள்தான். சந்தேகம் கேட்டால் முகம் சுளிக்கிறார்களா, ஒரு வாரம் போகாவிட்டால் என்ன செய்கிறார்கள் என்றுதான் பார்க்கச் சொல்கிறேன். கடவுள் பெயரையே எடுக்காத குழுக்களும் இப்படி உண்டு.

சித்தி மட்டும் குருவைப் பற்றி வாயே திறக்கமாட்டாள். பூனைக்குட்டி படம் அனுப்புவாள், ஊசியில் நூல் கோக்க வரச் சொல்லுவாள். ஒருநாள், நோயில் கிடந்த தாயைப் பார்க்க அனுமதி கேட்ட பெண்ணை எல்லோர் முன்னாலும் நிற்கவைத்து அவமானப்படுத்தினார்கள். என்னை அழைத்து வந்த அக்காவும் சேர்ந்துகொண்டாள். அன்றிரவு யாரைக் கூப்பிடுவது என்று நான் யோசிக்கவே இல்லை. சித்தி ஏன், எதற்கு என்று கேட்காமல் வந்து கூட்டிப்போனாள்.

இது என் வீட்டு அதிர்ஷ்டம் மட்டும் இல்லை. அமெரிக்காவின் ஸ்டீவன் ஹாசன் 1974இல், காதலி விட்டுப்போன சமயத்தில், மூன்று பெண்கள் வந்து பேச, சன் மியுங் மூன் என்ற கொரிய மதத் தலைவரின் சபையில் சேர்ந்தவர். 1976இல் தூக்கமில்லாமல் வேன் ஓட்டி விபத்தானபோது அவர் தொடர்புகொண்டது தன்னைக் குறை சொல்லாத சகோதரியைத்தான். வெளியே வந்த வழி அங்கேதான் திறந்தது.

இன்னொன்று, கேள்விக்குச் சம்பந்தமில்லைதான். நான் திரும்பியதும் உறவினர் கூட்டம் அம்மாவைப் பிடித்துக்கொண்டது. 'வேலை வேலை என்று போனாய், பெண்ணைக் கோட்டைவிட்டாய்.' அப்பாவும் வேலைக்குத்தானே போனார்? அவரிடம் ஒருவர் கேட்கவில்லை. பதில் கருத்துகளிலும் அதையே எழுத வருபவர்கள் தயவுசெய்து நகர்ந்துவிடுங்கள்.

சரி, தங்கை விஷயம். பூட்டி வைக்காதீர்கள், அலைபேசியைப் பிடுங்காதீர்கள். குழுவோடு தொடர்பில்லாத ஏதாவது ஒன்றில் அவளைச் சேர்த்துக்கொள்ளுங்கள், அதுவும் அவள் கை தேவைப்படுகிற வேலையாக. ஆனால் பணம் கேட்கிறார்கள், இரவு தங்க வைக்கிறார்கள், யாராவது தொடுகிறார்கள் என்று தெரிந்தால் இந்தப் பொறுமையெல்லாம் வேண்டாம். அவள் சிறுமி, அன்றே காவல் நிலையத்துக்குப் போங்கள். சான்றிதழ்களும் அடையாள அட்டையும் இன்னும் வீட்டில்தான் இருக்கின்றனவா என்று இன்றைக்கே பார்த்துவிடுங்கள்.